வேலை பிடித்திருக்கும்போதே அடுத்ததற்குத் தயாராக வேண்டுமா?

அமைதிப்புயல்:
மென்பொருள் சோதனை டீம் ஒன்றில் இருக்கிறேன். வேலை பிடித்திருக்கிறது, மேனேஜர் நல்லவர், சம்பளத்திலும் குறையில்லை. நிம்மதியாக இருக்கும்போது எதற்கு இதைக் கிளற வேண்டும் என்று ஒரு மனம் சொல்கிறது, நாளைக்கு டீமையே கலைத்துவிட்டால் என்ன செய்வாய் என்று இன்னொரு மனம் கேட்கிறது. இப்படி இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

தேன்சிட்டு:
யோசிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. வேலை போன பிறகு தேடுகிறவர் வாடகையையும் கடன் தவணையையும் நினைத்துக்கொண்டேதான் தேடுவார், முதலில் வருவதற்கே தலையாட்டிவிடுவார். உங்களால் இப்போது 'வேண்டாம்' என்று சொல்ல முடியும்.

நான் இன்டர்வியூ எடுக்கிறவள். நல்ல திறமைசாலிகள்கூட, "நீங்கள் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள்" என்றதும் "டீமாகச் சேர்ந்து நிறைய செய்தோம்" என்பதோடு நின்றுவிடுவார்கள், விவரம் எதுவும் ஞாபகம் வராது. அதனால் மாதக் கடைசியில் கொஞ்ச நேரம் ஒதுக்கி எழுதி வையுங்கள். 'சோதனையைத் தானியங்கியாக்கினேன்' என்ற ஒரு வரி போதாது. முன்பு இரண்டு நாள் பிடித்தது இப்போது எவ்வளவு நேரத்தில் முடிகிறது, நடுவில் என்ன உடைந்தது, யார் ஒத்துக்கொள்ளவில்லை, அவரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்பது வரை வேண்டும். சொந்த நோட்டில் எழுதுங்கள், ஆட்குறைப்பு என்றால் பல இடங்களில் அன்றைக்கே மெயிலையும் லேப்டாப்பையும் முடக்கிவிடுவார்கள். அலுவலக ஆவணம், வாடிக்கையாளர் விவரம் எதையும் மட்டும் எடுத்து வைக்காதீர்கள், அது பெரிய வம்பில் முடியும்.

கிழக்குவாசல்:
மேலே சொன்னதோடு இன்னொன்று, பழைய சக ஊழியர்களை விட்டுவிடாதீர்கள். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டதைச் சொல்கிறார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான், எப்போதாவது என்றவர்கள் 55.6, அரிதாக என்றவர்கள் 27.8. யோசித்தால் புரியும், தினமும் பேசுகிறவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், வேறு இடத்துக்குப் போனவரிடம்தான் புதுச் செய்தி இருக்கும். எந்தத் தேவையும் இல்லாத இப்போது "எப்படி இருக்கீங்க" என்று ஒரு வரி அனுப்புங்கள். வேலை போன பிறகு அதே வரியை அனுப்பவே கை வராது.

நூல்பட்டம்:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எல்லோரும் வெளியே போவதைப் பற்றியே பேசுகிறோம், அடுத்த படி அதே அலுவலகத்திலும் இருக்கலாமே. நாள் முழுக்க எந்த வேலையில் நேரம் போவதே தெரியவில்லை, எதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். பிடித்த வேலையைச் செய்துகொண்டிருந்துவிட்டு, பதவி உயர்வு என்ற பெயரில் அந்த வேலையே இல்லாத நாற்காலியில் போய் உட்கார்ந்து வாடுகிறவர்கள் நிறையப் பேர்.

அமைதிப்புயல்:
நன்றி. இதை மேனேஜரிடம் பேசினால் நான் கிளம்பப் போகிறேன் என்று நினைத்துவிட மாட்டாரா?

தேன்சிட்டு:
கேட்கிற விதத்தில் இருக்கிறது. "வேறு இடம் பார்க்கலாமா" என்று கேட்காதீர்கள், "அடுத்த வருடம் எந்தப் பொறுப்பை என்னிடம் தரலாம், அதற்கு என்னிடம் எது குறைகிறது" என்று கேளுங்கள். நல்ல மேனேஜர் என்கிறீர்கள், அப்படியானால் சந்தோஷமாகவே பதில் சொல்வார். வெளியே பேசுவதை மட்டும் கையில் ஆஃபர் லெட்டர் வரும்வரை அலுவலகத்தில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.