பொருள் பாதுகாப்பு விதிமுறை ஆலோசகர் வேலை: டெல்லிக்குப் போகலாமா?

தக்கலைத் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் தக்கலைப் பக்கம். சென்னையில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் வீட்டு மின்சாதனங்களைச் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். அயர்ன் பாக்ஸ், இமர்ஷன் ராடு, பிளக், சாக்கெட் என்று தினமும் சூடாக்கி, நனைத்து, கீழே போட்டுப் பார்ப்பதுதான் பிழைப்பு.

இப்போது மத்திய அரசின் ஒரு துறையில் ஒப்பந்த அடிப்படையில் ஆலோசகராக வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். நேர்முகம் முடிந்துவிட்டது. முதலில் ஒரு வருடம், அப்புறம் நீட்டிப்பார்களாம். ‘தரக்கட்டுப்பாட்டு ஆணைகள் தயாரிப்பதில் தொழில்நுட்ப உதவி’ என்பதற்கு மேல் கடிதத்தில் விவரம் இல்லை. வீட்டில் சர்க்கார் வேலை என்று சந்தோஷப்படுகிறார்கள். மாமனார் பென்ஷன் உண்டா என்று கேட்கிறார். மனைவி ஊரில் டீச்சர், மகள் மூன்றாம் வகுப்பு. அவர்களை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அங்கே உட்கார்ந்து உண்மையில் என்ன செய்ய வேண்டியிருக்கும்? அதிகாரிகள் நம் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வார்களா? முடிந்து வந்தால் திரும்பச் சோதனைக்கூட வேலைக்குச் சேர முடியுமா? இந்த வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் மரவேலை:

தம்பி, நான் ரப்பர் மரத்தில் சின்னப் பிள்ளைகள் பொம்மை செய்கிறவன். நீங்கள் போகிற வேலையின் மறுமுனையில் இருக்கிறேன். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்று வந்தபோது எங்களுக்கு ஒரு கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். உரிமம், சோதனைக் கட்டணம், சொந்தமாக லேப் என்று கேள்விப்பட்டதும் பாதிப் பேர் பட்டறையை மூடிவிடலாம் என்றே நினைத்தோம். கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு என்பது வெகு நாள் கழித்துத்தான் காதுக்கு வந்தது. பிள்ளைகளுக்கு ஆபத்து வரக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை, எனக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். போங்கள். போனால் எங்களை மாதிரி ஆட்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

குளச்சல் ஜெ.:

தம்பி, நான் இதே மாதிரி ஒரு துறையில் ஆலோசகராக இருந்துவிட்டு இப்போது நாகர்கோவிலுக்கே திரும்பி வந்துவிட்டேன். நீங்கள் கேட்டது எனக்குப் பிடித்த விஷயம், அதனால் நீளமாக எழுதுகிறேன்.

யார் எதைச் செய்கிறார்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தரநிலையை எழுதுவதும் உரிமம் கொடுப்பதும் இந்திய தர நிர்ணய அமைவனம். அதன் குழுக்களில் உற்பத்தியாளர்கள், உங்களைப் போலச் சோதனைக்கூடத்துக்காரர்கள், பேராசிரியர்கள், நுகர்வோர் அமைப்புகள் எல்லாரும் உண்டு. ஆனால் ‘முத்திரை இல்லாமல் இதைச் செய்யவோ, இறக்குமதி பண்ணவோ, விற்கவோ கூடாது’ என்று ஆணை போடுவது அரசுத் துறை. இந்திய தர நிர்ணய அமைவனத்துக்கான 2016ஆம் ஆண்டு சட்டத்தின் 16ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. நீங்கள் உட்காரப் போவது அந்த மேசையில்.

தினசரி வேலை பெரும்பாலும் படிப்பதும் குறிப்பு எழுதுவதும்தான். வரைவு ஆணை வெளியானதும் எதிர்ப்புக் கடிதங்கள் குவியும். உலக வர்த்தக அமைப்புக்கும் தெரிவித்து மற்ற நாடுகள் கருத்துச் சொல்ல 60 நாள் விட வேண்டும். ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் ‘ஏற்கலாம், ஏற்க வேண்டாம், காரணம் இது’ என்று நீங்கள் எழுதித் தர வேண்டும். அப்புறம் சட்ட அமைச்சகம், அரசிதழ். உங்கள் பெயர் எதிலும் வராது.

பேச்சைக் கேட்பார்களா என்றால், கேட்பார்கள். கோப்பைப் பார்க்கும் அதிகாரி போன வருடம் வேறொரு துறையில் இருந்திருப்பார், அடுத்த வருடம் இன்னொன்றுக்குப் போய்விடுவார். பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் உள்ள உறவு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் எழுதும் இரண்டு பக்கம்தான் அவருக்குப் பிடிமானம். சோதனைக்கூட அறிக்கை மாதிரி எழுதினால் ஓரமாக வைத்துவிடுவார். கூட்டத்துக்கு முந்தின நாள், புரிகிற மொழியில், ‘இதைச் செய்தால் இது நடக்கும்’ என்று எழுதிக் கொடுத்தால் அதையே கூட்டத்தில் பேசுவார்.

ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்த ஆணை இல்லையென்றால் யாருக்கு அடிபடும்? பதில் சொல்ல முடிகிற பொருளும் உண்டு, முடியாத பொருளும் உண்டு. பொம்மைக்குப் பதில் இருக்கிறது. இந்தியத் தரக் கவுன்சில் 2019இல் டெல்லிச் சுற்றுவட்டாரக் கடைகளில் 121 வகைப் பொம்மைகளை வாங்கிச் சோதித்தபோது மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. நம் ஊரிலேயே பாருங்கள். மண்டைக்காடு கொடைக்கும் கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்கும் போடுகிற கடைகளில் மினுக் மினுக்கென்று எரியும் மோதிரம், கைப்பட்டை எல்லாம் தொங்கும். ஒன்றை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஸ்குரூ இருக்காது, நகத்தால் நெம்பினால் மூடி கழன்றுவிடும், உள்ளே பட்டன் பேட்டரி. அதைக் குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால், ஈரமான சதையில் மின்சாரம் ஓடி அந்த இடத்தில் காரம் உண்டாகும். இரண்டு மணி நேரத்துக்குள் குழாய் வெந்துபோகலாம். எக்ஸ்ரேயில் அது ஐம்பது பைசா மாதிரி தெரியும், காசு என்று நினைத்துக் காத்திருந்துவிடுவார்கள். ஆஸ்திரேலியா 2022 ஜூனில் பட்டன் பேட்டரிக்கென்றே கட்டாய விதி கொண்டுவந்தது. ஒரு ஸ்குரூ போடுவதற்கு என்ன செலவாகிவிடும்? இப்படிப்பட்ட கோப்பில் நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது. யார் வந்து தள்ளிப்போடச் சொன்னாலும் சரி.

மறுபக்கம், நூல் தயாரிக்கும் மூலப்பொருளுக்கும் பிளாஸ்டிக் குருணைக்கும்கூட ஆணை போட்டார்கள். அது யாரைக் காப்பாற்றுகிறது என்று எனக்குக் கடைசி வரை விளங்கவில்லை. 2025 நவம்பரில் அப்படிப்பட்ட ஆணைகள் பல வாபஸ் ஆனது நல்லதே. தரம் வேறு, பாதுகாப்பு வேறு. ஒரே முத்திரை இரண்டுக்கும் பயன்படுவதால் குழம்பிவிடுகிறது. இதில் இன்னொன்றும் கவனியுங்கள். ஆணை வேண்டாம் என்று வருகிறவர்களை எல்லாரும் சந்தேகப்படுவார்கள். ‘உடனே கட்டாயமாக்குங்கள்’ என்று பெரிய கம்பெனிக்காரர் வந்து நின்றால் அதையும் அதே கண்ணோடு பாருங்கள். அவரிடம் லேப் இருக்கிறது, மார்த்தாண்டத்து அண்ணனிடம் இல்லை. சிறு தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் கூடுதலாக மாதங்கள் தருவது, கைவினைஞருக்கு விலக்கு தருவது எல்லாம் யாராவது உள்ளே இருந்து எழுதினால்தான் ஆணையில் ஏறும்.

பென்ஷன் கிடையாது என்று மாமனாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தொகுப்பூதியம் மட்டும்தான்.

தக்கலைத் தம்பி:

அக்கா, ரொம்ப நன்றி. மார்த்தாண்டத்து அண்ணனுக்கும். ஒரு விஷயம் கேட்க வேண்டும். சோதனைக்கூடத்தில் நாங்கள் தரநிலையில் எழுதியிருக்கிறபடி சோதிப்போம், தேறினால் தேறிற்று. ஆனால் வீட்டில் நடப்பது வேறு. குழந்தை விரலை விடாமலிருக்க சாக்கெட்டில் ஷட்டர் வைக்கிறோம். எங்கள் அம்மா எர்த் ஓட்டையில் பேனாவைக் குத்தி ஷட்டரைத் திறந்து இரண்டு பின் சார்ஜரைச் செருகுவார். அக்கம்பக்கத்திலும் அதேதான். இமர்ஷன் ராடு ஓடும்போதே தண்ணீரில் விரலை விட்டுச் சூடு பார்க்கிறார்கள். இதையெல்லாம் அங்கே சொன்னால் ‘தவறாகப் பயன்படுத்தினால் நாம் என்ன செய்ய முடியும்’ என்று கேட்பார்களோ?

குளச்சல் ஜெ.:

கண்டிப்பாகக் கேட்பார்கள், எல்லாக் கூட்டத்திலும் ஒருவராவது கேட்பார். அதற்காகத்தான் உங்களை மாதிரி ஆள் அங்கே வேண்டும்.

முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய தவறான பயன்பாட்டையும் கணக்கில் எடுத்துத்தான் ஆபத்தை மதிப்பிட வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட முறை. ஐஎஸ்ஓ, ஐஇசி என்ற சர்வதேசத் தர அமைப்புகள் இரண்டும் சேர்ந்து வெளியிட்ட 51ஆம் வழிகாட்டியில் தெளிவாக இருக்கிறது, போகும் முன் படித்துவிடுங்கள். முதலில் வடிவமைப்பிலேயே ஆபத்தை நீக்கு, முடியாவிட்டால் தடுப்பு வை, அதற்கும் அப்பால் மிஞ்சுவதற்குத்தான் எச்சரிக்கை வாசகம். உற்பத்தியாளர் தலைகீழாக வருவார், ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறோம் என்பார். பொடி எழுத்தில் இங்கிலீஷிலும் இந்தியிலும் ஒட்டிய ஸ்டிக்கர் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வந்து பிள்ளைக்கு வெந்நீர் போடுகிற பெண்ணுக்கு எதற்கு உதவும்? ராடு தண்ணீருக்கு மேலே சூடானால் தானே அணைகிற மாதிரி செய்ய முடியுமா, விலை எவ்வளவு ஏறும் என்று கேளுங்கள். உங்கள் அம்மா பேனாவால் திறப்பதை அப்படியே குறிப்பில் எழுதுங்கள். இரண்டு பின் சார்ஜரும் மூன்று ஓட்டை சாக்கெட்டும் ஒரே வீட்டில் இருக்கும்வரை அது நடக்கத்தான் செய்யும். சார்ஜருக்கும் சாக்கெட்டுக்கும் தனித்தனிக் குழு. இரண்டு குழுவையும் ஒரே மேசையில் உட்கார வைக்க ஒரு ஆலோசகரால் முடியும்.

உங்களுக்கு அங்கே பெரிய கஷ்டம் தகவல்தான். அமெரிக்காவில் சுமார் நூறு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவிலிருந்து, எந்தப் பொருளால் காயம் என்று தொடர்ந்து பதிவு வாங்குகிறார்கள். நம் ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘தீக்காயம்’, ‘ஷாக்’ என்று இருக்கும், அடுப்பா, ராடா, எந்த மாடல் என்று இருக்காது. எத்தனை பேருக்கு அடிபட்டது என்று அதிகாரி கேட்டால் கையில் எண் இருக்காது. அதற்காக எண்ணை உருவாக்காதீர்கள். தோல்வியடைந்த சோதனை அறிக்கைகள், நுகர்வோர் புகார்கள், வெளிநாட்டில் திரும்பப் பெற்ற பட்டியல்கள், குழந்தை மருத்துவர்கள் எழுதிய நோயாளி விவரங்கள் என்று இருப்பதைக் கொண்டு வாதாடுங்கள். ‘தெரியாது’ என்று எழுதுகிற ஆலோசகரின் மற்ற வரிகளை நம்புவார்கள்.

வேலைக்குத் திரும்புவதைப் பற்றி: ஒப்பந்தத்தில் இரண்டு இடத்தைப் பாருங்கள். விலகிய பிறகு அந்தத் தொழிலில் சேர இடைவெளி கேட்கிறார்களா, ரகசியக் காப்பு எதுவரை நீள்கிறது. உங்கள் லேபுக்கு வேலை கொடுத்த கம்பெனி சம்பந்தப்பட்ட கோப்பு வந்தால் முதல் நாளே எழுத்தில் தெரிவித்து ஒதுங்கிக்கொள்ளுங்கள். கம்பெனிக்காரர்களை அலுவலகத்தில், இன்னொருவர் உடனிருக்கும்போது மட்டும் சந்தியுங்கள், பேசியதைக் கோப்பில் ஏற்றிவிடுங்கள். வெளியே காபி வேண்டாம். இது கறாராகத் தோன்றும், ஆனால் உங்கள் சொல்லுக்கு மதிப்பு அதில்தான் இருக்கிறது.

வடசேரி நுகர்வோர்:

நடுவில் ஒன்று சொல்கிறேன். ஆணை போடுவதோடு வேலை முடிவதில்லை. நாகர்கோவிலில் ரோட்டோரம் விற்கிற ஹெல்மெட்டில் எல்லாம் ஐஎஸ்ஐ ஸ்டிக்கர் இருக்கிறது. 2021 ஜூனிலிருந்தே கட்டாயம். ஸ்டிக்கரில் உள்ள சிஎம்/எல் என்ற உரிம எண்ணை, தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள், அசல் உரிமம் என்றால் கம்பெனி பெயரும் முகவரியும் வரும். வராததை அந்தச் செயலியிலேயே புகார் செய்யலாம். நீங்கள் அங்கே போனால், அமலாக்கத்துக்கு மாவட்ட அளவில் ஆள் எங்கே என்று அந்த இரண்டு பக்கக் குறிப்பில் கேளுங்கள்.

தக்கலைத் தம்பி:

சரி, போவது என்று முடிவு செய்துவிட்டேன். ஒப்பந்தத்தில் அந்த இரண்டு ஷரத்தையும் கேட்டு எழுதியிருக்கிறேன். மனைவியிடமும் பேசியாயிற்று, முதல் வருடம் பார்க்கலாம் என்கிறாள்.

மார்த்தாண்டம் மரவேலை:

சந்தோஷம் தம்பி. குளச்சல் அம்மாவிடம் ஒரு கேள்வி. எனக்கு இப்போது கைவினைஞர் அட்டை இருக்கிறது, விலக்கில் வருவேன். அப்படியானால் சோதனை எதுவும் வேண்டாமா? சட்டத்துக்காகக் கேட்கவில்லை, பொம்மை பிள்ளைகள் கைக்குப் போகிறதே என்றுதான்.

குளச்சல் ஜெ.:

அண்ணே, கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு இருந்தால், நீங்கள் செய்து விற்கும் பொம்மைக்கு முத்திரை தேவையில்லை. ஆனால் மூச்சுக்குழாய்க்கு விலக்கு கிடையாது. நீங்கள் இப்படிக் கேட்டதே பெரிய விஷயம். ஒரு சோதனையைப் பட்டறையிலேயே செய்யலாம். லேத்துக்காரரிடம் உள்விட்டம் 31.7 மில்லிமீட்டரில் ஒரு குழாய் கடைந்து வாங்குங்கள். அடி சாய்வாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் ஆழம் 25.4, எதிர்ப்பக்கம் 57.1. மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கான பொம்மையோ, அதிலிருந்து கழன்று வருகிற சக்கரம், மணி, ஆணி எதுவோ, அமுக்காமல் எந்தப் பக்கமாகப் போட்டாலும் முழுசாக அந்தக் குழாய்க்குள் அடங்கிவிட்டால் அது தொண்டையில் சிக்கும் அளவு. சக்கரத்தை இழுத்து, முறுக்கி, பொம்மையைக் கீழே போட்டுப் பார்த்த பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பெயிண்ட் டப்பாவில் ஈயம் இல்லை என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, சப்ளையரிடம் சோதனை அறிக்கை கேளுங்கள். பொம்மைத் தரநிலை ஐஎஸ் 9873, அமைவனத்தின் தளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அடுத்த திருத்த வரைவு வரும்போது பிரிவு எண்ணைப் போட்டு, இப்படி மாற்றுங்கள் என்று வாசகத்தோடு எழுதி அனுப்புங்கள். யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். எழுத உதவி வேண்டுமென்றால் இங்கேயே கேளுங்கள், நான் பார்க்கிறேன்.