போட்டோவ பேக்ரவுண்டா வச்சா கேரக்டர் ஒட்டவே மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?

திண்ணைகேம்ஸ்:
வணக்கம் மக்களே, கோடோங்கிற கேம் இன்ஜின்ல சின்னதா ஒரு பாயின்ட் அண்ட் க்ளிக் கேம் (ஸ்கிரீன்ல அங்கங்க க்ளிக் பண்ணி ஆடுறது) பண்ணிட்டிருக்கேன், நமக்கு வரைய வராது அதனால அம்மாச்சி வீட்டு முற்றம், அடுப்படி, மாடிப்படினு எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து அப்படியே பேக்ரவுண்டா போட்டாச்சு. தனியா பாத்தா சூப்பரா இருக்கு, ஆனா மேல பிக்சல் கேரக்டர நிப்பாட்டுனா ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரி தெரியுது. கேரக்டரையும் போட்டோவாவே எடுத்துரவா? இன்னொன்னு, பழைய போன்ல ஓட்டுனா சில ரூம் தாண்டுறதுக்குள்ள க்ராஷ் ஆகுது.

அரைபிக்சல்:
போட்டோவ அப்படியே போடாதீங்க ப்ரோ. 1993ல வந்த டூம்ங்கிற கேம்ல சில அரக்கனுங்க களிமண் பொம்மைய வீடியோ கேமரால புடிச்சு ஏத்துனதுதான், துப்பாக்கியும் பொம்மத் துப்பாக்கிதான். ஆனா யாருக்கும் உறுத்தாது, ஏன்னா கையால வரைஞ்சதும் சரி கேமரால புடிச்சதும் சரி எல்லாமே அதே 256 கலருக்குள்ள வந்தாகணும். நீங்களும் ஜிம்ப்ங்கிற போட்டோ எடிட்டர்ல போட்டோவ 320க்கு 180னு சுருக்கிட்டு, இன்டெக்ஸ்டு மோட்ல (எண்ணி வச்ச கலர் மட்டும் இருக்குற மோட்) 32 கலருக்கு கொண்டுவாங்க, அதே பேலட்டத்தான், அதாவது அதே கலர் லிஸ்டத்தான் கேரக்டருக்கும் குடுக்கணும், இது முக்கியம். கோடோல டெக்ஸ்சர் ஃபில்டர நியரஸ்ட்னு வைங்க, அப்பத்தான் பெருசாக்குறப்ப பிக்சல் மங்காது. காலடில ஒரு நிழலும் போட்டுருங்க, பாதி பிரச்சன அங்கயே தீந்துரும்.

ராம்பத்தல:
க்ராஷுக்கு காரணம் சைஸ்தான்னு நெனக்கிறேன். ஜேபெக் ஃபைல் 3 எம்பிதானேனு தோணும், ஆனா சுருக்கி வச்சதெல்லாம் மெமரில ஏறுறப்ப பிரிஞ்சிரும், 4000க்கு 3000 போட்டோன்னா பிக்சலுக்கு 4 பைட்டு, மொத்தம் 48 எம்பி, அதுவும் ஒரே ஒரு ரூமுக்கு! 1280க்கு 720 ஆக்குனா 4 எம்பிகூட வராது. போன ரூம விட்டு வெளிய வந்ததும் அந்த சீன ஃப்ரீ பண்றீங்களா, அதாவது மெமரிலேருந்து எடுத்துடுறீங்களானும் பாருங்க.

மேகமூட்டம்:
எல்லாத்தையும் பிக்சலாக்கணும்னு என்ன சட்டமா, இப்ப யாரப் பாத்தாலும் பிக்சல்தான், எனக்கு சலிச்சுப்போச்சு. மேக்ஸ் பெய்ன் 2001ல வந்தப்ப கேம் எழுதுனவரோட மூஞ்சிதான் ஹீரோ மூஞ்சி, கதை சொல்ற காமிக்ஸ் கட்டமெல்லாம் ஆளுங்கள நிக்கவச்சு எடுத்த போட்டோதான், மேல பெயின்டிங் மாதிரி எஃபெக்ட் குடுத்திருப்பாங்க. அதனால தாராளமா கேரக்டரையும் போட்டோ எடுங்க. ஆனா நடக்குற அனிமேஷன் உயிர வாங்கும், அத முன்னாடியே சொல்லிட்டேன். ஃபிளாஷ் வேணவே வேணாம், வானம் மோடம் போட்ட நாள்ல வெளிய எடுத்தா நிழல் தொல்ல இருக்காது, எக்ஸ்போஷர (கேமரா எடுத்துக்குற வெளிச்ச அளவ) லாக் பண்ணிடுங்க, இல்லன்னா ஒவ்வொரு ஃப்ரேமும் ஒவ்வொரு வெளிச்சத்துல மினுக்மினுக்குனு இருக்கும்.

அரைபிக்சல்:
@மேகமூட்டம் அவங்ககிட்ட டீமெல்லாம் இருந்துச்சு, இவரு தனியாளு பாவம் 😄

சும்மாபாக்கவந்தேன்:
சோர்ஸ வெளிய போடுறதா இருந்தா ஒரிஜினல் போட்டோவ சேத்துப் போட்டுராதீங்க, போன்ல லொக்கேஷன் ஆன்ல இருந்தா அம்மாச்சி வீடு எங்க இருக்குனு ஃபைலுக்குள்ளயே இருக்கும். எக்ஸ்போர்ட் பண்றப்ப எக்ஸிஃப் (இந்த மாதிரி விவரமெல்லாம் இருக்குற பகுதி) டிக்க எடுத்துடுங்க. சுவத்துல காலண்டர், சினிமா போஸ்டர் ஏதும் பளிச்னு தெரிஞ்சா அதையும் அழிச்சிடுறது நல்லது, அந்தப் படம் வேற ஒருத்தரோடது.

திண்ணைகேம்ஸ்:
நன்றி எல்லாருக்கும். முற்றத்த மட்டும் 32 கலர்ல மாத்திப் பாத்தேன், நல்லா சேருது, ஆனா வானத்துல பட்டபட்டையா கோடு விழுது, டிதரிங் (கலர புள்ளிபுள்ளியா கலக்குறது) போட்டா சரியாகுமா?

அரைபிக்சல்:
ஆகும், டிதரிங்ல ஃப்ளாய்ட் ஸ்டைன்பெர்க்னு ஒரு வகை இருக்கு, அதப் போட்டுப் பாருங்க. புள்ளி ஜாஸ்தியாத் தெரிஞ்சா வானத்துக்கு மட்டும் நாலஞ்சு நீலம் கூட சேருங்க.