கருப்பைப் புற்றுநோய் குணமான அம்மாவுக்கு இனி எதைக் கவனிக்க வேண்டும்?

மன்னார்குடி மகள்:
என் அம்மாவுக்கு வயது 62. மாதவிலக்கு நின்று பல ஆண்டுகளுக்குப் பின் இரத்தப்போக்கு ஏற்பட்டதால் பரிசோதித்து, கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் இருப்பதை முதல் நிலையிலேயே கண்டறிந்து, கருப்பை, சினைப்பைகள், அடிவயிற்று நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றை அகற்றினார்கள். பிறகு கரண்டும் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்தார்கள். நான்கு ஆண்டுகளாக நோய் திரும்பவில்லை. ஆனால் எடை 90 கிலோவைத் தாண்டிவிட்டது. "அவ்வளவு பெரிய வியாதியே போய்விட்டது, சர்க்கரை என்ன செய்துவிடும்?" என்று மாத்திரையை ஒருநாள் போட்டு ஒருநாள் விடுகிறார். இனி இவருக்கு ஆபத்து எங்கிருந்து வரக்கூடும்?

ஓய்வுபெற்ற செவிலியர், தஞ்சாவூர்:
அந்த விட்டுவிட்டுப் போடும் மாத்திரையிலிருந்துதான், அம்மா. தொடக்க நிலையில் சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் இந்தப் புற்றுநோயால் இறப்பதில்லை. அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்து 2012இல் வெளியான ஆய்வொன்று, இந்நோய் கண்ட பெண்களின் இறப்புக்கு இதய, இரத்தக்குழாய் நோய்களே முதற்காரணம் என்று காட்டியது. மாதவிலக்கு நின்ற பிறகு உடலின் கொழுப்பே ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனைச் சுரக்கச் செய்து கருப்பையின் உட்சுவரைத் தூண்டுகிறது. அதே கொழுப்புதான் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. அறுவை சிகிச்சையில் கருப்பை போயிற்று, மற்றவை அப்படியே இருக்கின்றன. புற்றுநோய் மருத்துவர் வயிற்றைப் பார்த்து அனுப்பிவிடுவார். சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றுக்கு இன்னொரு மருத்துவர் பொறுப்பேற்க வேண்டும். மாத்திரைக்கு அலைய முடியாதென்றால், 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மூன்று வேளைச் சோற்றை இரண்டாகக் குறைக்கச் சொல்வது நம் பக்கத்தில் எளிதன்று என்பது எனக்கும் தெரியும். இரவுச் சோற்றிலிருந்து தொடங்குங்கள்.

திருவையாறு வாசகி:
எனக்கும் இதே அறுவை சிகிச்சை நடந்தது. நிணநீர்க் கணுக்களை எடுத்தபின் இடது கால் வீங்கத் தொடங்கியது. யானைக்கால் என்றே அக்கம்பக்கத்தில் பேசினார்கள். அத்தகைய காலில் சிறு கீறல் பட்டாலும் கிருமி எளிதில் பரவிக் காய்ச்சல் வரும். ஆகையால் நடவுச் சேற்றில் வெறுங்காலுடன் இறங்குவதை நிறுத்திவிட்டேன். அழுத்தக் காலுறை அணிகிறேன். கரண்ட் வைத்தவர்களுக்குக் குடல், சிறுநீர்ப்பைத் தொல்லைகளும் பிறப்புறுப்புச் சுருக்கமும் ஆண்டுகள் கழித்தும் வரலாம். கடைசியாகச் சொன்னதை நம் பெண்கள் மருத்துவரிடம்கூட வாய் திறந்து சொல்வதில்லை. மீண்டும் இரத்தம் பட்டால் மட்டும் அடுத்த தவணை வரை காத்திராதீர்கள்.

கும்பகோணம் மருத்துவர்:
ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் தாய்வழியில் எவருக்கேனும், குறிப்பாக 50 வயதுக்குள், பெருங்குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் இருந்ததா? லிஞ்ச் நோய்க்குறி என்னும் மரபுவழிக் கோளாறு இருந்தால், அம்மாவுக்குக் குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். கொலனோஸ்கோபி (குழாய் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) தவறாமல் செய்ய வேண்டியிருக்கும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அக்கோளாறு வந்திருக்க 50 விழுக்காடு வாய்ப்புண்டு.

மன்னார்குடி மகள்:
அம்மாவின் தம்பி 46 வயதில் குடல் புற்றுநோயால் இறந்தார். இதை எங்களிடம் யாரும் கேட்டதில்லை. கருப்பையை எடுத்து நான்கு ஆண்டுகளான பிறகும் சோதிக்க இயலுமா?

கும்பகோணம் மருத்துவர்:
இயலும். அகற்றிய திசுவை மெழுகுக் கட்டிகளாக நோய்க்குறியியல் துறையில் பல ஆண்டுகள் வைத்திருப்பது வழக்கம். பயாப்ஸி எண்ணுடன் சென்று, மாமாவின் விவரத்தைச் சொல்லி, அதைச் சோதிக்கக் கேளுங்கள்.