மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இல்லை, பல்வலிக்கு எங்கே போவது? அவசரம்

சாட்ஸ்வர்த்_மகள் | செவ்வாய், இரவு 10.40
மூன்று நாளாகப் பல்வலி. தூக்கமே இல்லை. மெடிக்கல் எய்ட் கிடையாது. தனியார் பல் மருத்துவரிடம் கேட்டால் வேர் சிகிச்சை, மேலே உறை எல்லாம் சேர்த்து 14,000 ராண்ட் என்கிறார்கள். என் மாதச் சம்பளமே அவ்வளவு இல்லை. டர்பனில் மலிவாகப் பார்க்கும் இடம் தெரிந்தால் சீக்கிரம் சொல்லுங்கள்.

பீனிக்ஸ்வாசி | 10.52
எந்தப் பல்? மேலா, கீழா? வீக்கம் உண்டா? வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?

டோங்காட்_கரும்பு | 10.58
தங்கச்சி, ஒரு கிராண்ட்பா பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடி. பல்லுக்குப் பக்கத்தில் ஒரு டிஸ்ப்ரினை அடக்கிக்கொள். எங்கள் ஆயா காலத்திலிருந்து இதுதான் வைத்தியம். வீட்டில் மீந்துபோன ஆன்டிபயாடிக் இருந்தால் அதையும் போடு.

ஓவர்போர்ட்_ராஜா | 11.03
இன்றைக்கே ஒரு மெடிக்கல் எய்டில் சேர்ந்துவிடுங்கள். அடுத்த வாரமே பல்லைப் பார்த்துக்கொள்ளலாம்.

மெரிபேங்க்_வாத்தியார் | 11.15
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதிவிட்டேன். தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. ராஜா, புதிதாகச் சேருபவருக்கு 3 மாதம் வரை பொதுக் காத்திருப்பு, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 12 மாதம் வரை. 35 வயதுக்குமேல் முதல்முறையாகச் சேர்ந்தால் சந்தாவிலும் அபராதம் ஏறலாம். மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டும் செலவைத் தரும் மலிவான ஹாஸ்பிட்டல் பிளானில் பல் அடைப்பதற்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. தெரியாததை எழுதாமல் இருப்பதும் ஓர் உதவிதான்.

வெஸ்ட்வில்_மாணவி | 11.31
அக்கா, நான் பல் தெரபி இறுதியாண்டு படிக்கிறேன். குளிர்ந்த நீர் பட்டால் சுரீரென்று வந்து உடனே அடங்கும் வலி என்றால் அடைப்போடு முடிய வாய்ப்பு உண்டு. சூடான டீ குடித்து வெகுநேரம் ஆகியும் விண்விண் என்று தெறித்தால் உள்ளே நரம்பு கெட்டிருக்கும். அப்போது வேர் சிகிச்சை அல்லது பிடுங்குவது, இரண்டில் ஒன்றுதான். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாமல் போனாலோ காலைவரை காத்திருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இடம் என்றால், சிடன்ஹாமில் கிங் டினுசுலு மருத்துவமனை வளாகத்தில் பல் பயிற்சி மருத்துவமனை இருக்கிறது. விடியற்காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும். தனியாகத் தொழில் செய்யும் பல் தெரபிஸ்டிடமும் போகலாம். சுத்தம் செய்வது, அடைப்பது, பிடுங்குவது எல்லாம் செய்வார்கள், கட்டணம் பொதுவாகக் குறைவு. வேர் சிகிச்சை மட்டும் செய்யமாட்டார்கள்.

மெரிபேங்க்_வாத்தியார் | 11.44
தெரபிஸ்ட் மருத்துவர் அல்லர். இதைச் சொல்லாமல் விடுவது தவறு.

வெஸ்ட்வில்_மாணவி | 11.47
மருத்துவர் என்று நான் எழுதவில்லை, ஐயா. மருத்துவத் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் மன்றமான எச்.பி.சி.எஸ்.ஏ.வில் எங்களுக்கும் பதிவு உண்டு.

பீனிக்ஸ்வாசி | 11.50
என் மூன்று பிள்ளைகளுக்கும் தெரபிஸ்ட்தான் பல் அடைத்தார். ஒன்றும் விழவில்லை.

மெரிபேங்க்_வாத்தியார் | 11.56
மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு தொழிலையே எடைபோடாதீர்கள்.

டோங்காட்_கரும்பு | புதன், காலை 5.50
ஃபெலோஃபெபா மருத்துவ ரயிலை ஏன் யாரும் சொல்லவில்லை? 1994 முதல் ஓடுகிறது. பல் பெட்டியே தனியாக உண்டு. சில்லறைக் காசுக்குப் பார்த்துவிடுவார்கள்.

பீனிக்ஸ்வாசி | 6.05
அண்ணே, அது கிராமங்களுக்காக ஓடும் ரயில். அது எந்த ஊரில் நிற்கிறது என்று தேடிப் போவதற்குள் பல் தானாகவே விழுந்துவிடும்.

சாட்ஸ்வர்த்_மகள் | 6.20
மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன். வலி எனக்கு இல்லை, அம்மாவுக்கு. 68 வயது. 2019இல் இதயத்தில் இரும்பு வால்வு வைத்தார்கள், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார்கள். இப்போது கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. கிராண்ட்பா கலக்கி வைத்திருக்கிறேன், கொடுக்கட்டுமா?

வெஸ்ட்வில்_மாணவி | 6.22
கொடுக்காதீர்கள், அக்கா! கொட்டிவிடுங்கள். அதில் ஆஸ்பிரின் இருக்கிறது, டிஸ்ப்ரினும் ஆஸ்பிரின்தான். வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தம் நிற்காது. இபுபுரூஃபனும் வேண்டாம். பனாடோ (பாராசிட்டமால்) மட்டும், பெட்டியில் உள்ள அளவில். மீந்த ஆன்டிபயாடிக்கையும் தொடாதீர்கள், மெட்ரோனிடசோல் போன்றவை வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடும். அதற்காக வார்ஃபரினை நீங்களாகவே நிறுத்திவிடவும் கூடாது. கன்னம் உப்பிவிட்டதால் இன்றே காட்ட வேண்டும். செயற்கை வால்வு என்று போனவுடன் சொல்லுங்கள். பிடுங்குமுன் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பார்ப்பார்கள்.

பீனிக்ஸ்வாசி | 6.30
அம்மா அரசு முதியோர் உதவித்தொகை வாங்குகிறார்களா? வாங்கினால் அரசு மருத்துவமனையில் கட்டணமே இல்லை. அடையாள அட்டை, உதவித்தொகை அட்டை, மாத்திரைச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இதை நேற்றே சொல்லியிருந்தால் 14,000 என்ற பேச்சே வந்திருக்காது.

டோங்காட்_கரும்பு | 6.41
எனக்கு என்ன தெரியும், தங்கச்சிக்குத்தான் வலி என்று நினைத்தேன். மன்னித்துக்கொள்.

மெரிபேங்க்_வாத்தியார் | 7.10
யாருக்கு வலி என்று எழுதாத கேள்விக்கு மருந்து சொன்னவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும். தெரபிஸ்ட் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. வால்வு வைத்த நோயாளியை நீங்கள் தொடுவீர்களா, மாணவி?

வெஸ்ட்வில்_மாணவி | 7.18
மேலே இருப்பவரிடம் அனுப்புவேன், ஐயா. எப்போது அனுப்ப வேண்டும் என்பதும் எங்கள் பாடத்தில் உண்டு.

ஓவர்போர்ட்_ராஜா | 9.02
நான் சொன்னதில் பாதி சரிதான். இளம் வயதிலேயே சேர்ந்திருந்தால்...

மெரிபேங்க்_வாத்தியார் | 9.06
எந்தப் பாதி?

சாட்ஸ்வர்த்_மகள் | வெள்ளி, மாலை 4.15
புதன்கிழமை பார்த்து மருந்து கொடுத்தார்கள். ஐ.என்.ஆர். 2.8. நேற்றுப் பிடுங்கி இரண்டு தையல் போட்டார்கள். காசு வாங்கவில்லை. ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அம்மா இப்போது கஞ்சி குடிக்கிறார்கள். மாணவித் தங்கைக்கு நன்றி.

பீனிக்ஸ்வாசி | 4.40
நல்லது. எந்தப் பல் என்று கடைசிவரை சொல்லவே இல்லையே?