சுந்தராம்பாள் ரெக்கார்டு: யாரிடம் கொடுக்கலாம்?

எல்லோருக்கும் வணக்கமுங்க. கோபியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பாரு சேர்த்து வைத்த ரெக்கார்டுகளில் ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். நம்ம கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் பாடிய, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் தட்டு, 10 அங்குலம். கிராமபோன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டது, இங்கே போட்டுக் கேட்க வழியில்லை.

விளிம்பில் நகக்கண் அளவு ஒரு சில்லு போயிருக்கிறது, பாட்டு பதிந்த வரிக்கு, அதாவது ஊசி ஓடும் பள்ளத்துக்கு, வரவில்லை. ஆனால் அந்தம்மா குரலை உச்சிக்கு ஏற்றும் இடத்தில் ஊசி தேய்த்துத் தேய்த்து வரிகள் சாம்பல் பூத்திருக்கின்றன, அங்கே கரகரக்கும். அப்பாரு அந்த இடத்துக்காகவே திரும்பத் திரும்பப் போட்டிருப்பார் போல!

ஒருவர் வந்து கேட்டார். ஓட்டல் சுவரில் மாட்டவாம். மனசு வரவில்லை, அனுப்பிவிட்டேன்.

கோவை, ஈரோடு பக்கம் உட்கார்ந்து கேட்கிற ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நியாயமான விலை எவ்வளவு? இல்லை, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கே கொடுத்துவிடலாமா? அங்கே கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

கொடுக்கும் முன் பாட்டைக் கணினியில் ஏற்றிக்கொள்ளவும் ஆசை. எல்பி (பின்னால் வந்த வினைல் தட்டு) ஊசி வேண்டாம், 78க்கு வரி அகலம், ஊசியே வேறு. அப்புறம், ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொல்லாதீர்கள், அரக்குத் தட்டு, கரைந்துவிடும். கீழே விழுந்தாலும் போச்சு. அதனால் கூரியர் கிடையாது, திருப்பூர், கோவை வரை நானே கொண்டுவந்து தருகிறேன்.