முதல் தச்சுச் சாமான்: எதை வாங்கலாம், எதை விடலாம் (வன்னியில் ஊர் ஊராய்த் தச்சு வேலைக்காரர் சொன்னவை)

ஒட்டுசுட்டான்

பன்னிரண்டு உளி அடுக்கின பெட்டியைத் தூக்காதேங்கோ. வாங்கு, ராக்கை, கோழிக்கூட்டுக் கதவு மட்டும் செய்யிற ஆளுக்கு அரை இஞ்சியும் முக்கால் இஞ்சியும் காணும். பொருத்துக்குத் துளை அடிக்க வெளிக்கிட்டால் கால் இஞ்சி சேர்க்கலாம். மலிவு உளியில் இரும்பைவிட முதலில் பழுதாகிறது பிடிதான். பிடிக்குள் போற இரும்பு வால் நீளம் காணாது, பாலை மரத்தில் நாலு அடி போட ஆடத் தொடங்கும்.

பழைய இரும்புக் கடையில் பிடி இல்லாத உளி கிடந்தால் முதுகை, அதாவது சரிவு இல்லாத தட்டைப் பக்கத்தை, திருப்பிப் பாருங்கோ. நுனியிலிருந்து ஓர் இஞ்சிக்குத் துருக்குழி இருக்கக்கூடாது. மேல்பக்கக் குழி ஒண்டும் செய்யாது. முதுகுக் குழி தீட்டத் தீட்ட வெட்டுற வாய்க்கு வந்து பல்லுப் பல்லாய் வெட்டும்.

கிளிநொச்சி

உளிக்கு வைச்ச காசில் பாதியைத் தீட்டுறதுக்கு ஒதுக்குங்கோ. கல்லு வாங்க வசதி இல்லாட்டில் தடிப்பான கண்ணாடித் துண்டும் 240, 400, 800, 1200 இலக்க வோட்டர் பேப்பரும் (தண்ணி போட்டுத் தேய்க்கிற தாள்) போதும். தண்ணி தெளித்துக் கண்ணாடியில் ஒட்டி, முதலில் முதுகைத் தட்டையாக்குங்கோ. பிறகு சரிவு. தேக்கு, வேம்புக்கு 30 பாகை. பாலை, முதிரைக்கு 35க்கு ஏத்துங்கோ; 25இல் விட்டால் வாய் உதிரும். முதுகுப் பக்கம் விரலை வைச்சு வெளியே இழுக்க ஒரு பிசிறு தட்டுப்படவேணும், வாய் முழுக்க. அது வராமல் அடுத்த தாளுக்குப் போனால் வேலை வீண்.

கிறைண்டரில் பிடிக்கிறவை தண்ணி வாளியைப் பக்கத்தில் வையுங்கோ. நுனி நீலமாகினால் பதம் போயிட்டுது, நீலம் தாண்டும்வரை தேய்க்கவேணும்.

நெடுங்கேணி

சீவுளி ஒண்டுதான் எண்டால் இலக்கம் 5. 14 இஞ்சி நீளம், பலகையை நேராக்கவும் காணும், மினுக்கவும் காணும். முதிரையில் நார் ஒரு வரி இப்பிடி, அடுத்த வரி எதிர்ப்பக்கம் ஓடும், அதனால்தான் பிய்யுது. அலகுக்கு மேல் முறுக்கியிருக்கிற மற்ற இரும்பை வாயிலிருந்து அரை மில்லிமீற்றருக்குக் கொண்டுவாங்கோ, சீவல் மெல்லிசாய் எடுங்கோ. இரண்டு இரும்புக்கும் நடுவில் வெளிச்சம் தெரிஞ்சால் சீவல் அதுக்குள் போய் அடைக்கும். மேல் இரும்பின் விளிம்பைக் கண்ணாடியில் தேய்ச்சுப் பொருத்துங்கோ.

புதுக்குடியிருப்பு

சீவுளிக்கு முதல் வாள் வேணும். நாட்டு வாளா, பல்நுனி கறுநீலமாய் வாற வாளா எண்டு கேட்டால், இங்கத்தைய மரத்துக்கு அரம் போடக்கூடிய வாள்தான். கறுநீலப் பல்லில் அரம் வழுக்கும், ஒரு பல் போனால் போனதுதான். மலிவு உண்மைதான், ஆனா 2009 வரை போரில் செல் (எறிகணை) விழுந்த காணி மரம் அறுக்கிற இடத்தில், மரத்துக்குள் கிடக்கிற செல் துண்டில் பட்டுப் பல் போறது புதினமில்லை.

அந்தத் துண்டு கிடக்கோ எண்டு பார்க்க, பழைய ஸ்பீக்கர்க் காந்தத்தை நூலில் கட்டிப் பலகைக்கு மேலால் மெல்லக் கொண்டுபோங்கோ. இழுத்தால் அந்த இடத்தில் வெள்ளைக்கட்டியால் வட்டம். ஆழத்தில் கிடக்கிறது இழுக்காது. ஈயம், பித்தளையும் காந்தத்துக்கு அசையாது. அதனால் கண்ணாலும் பாருங்கோ: பட்டை பொருமி மூடின தழும்பு, அறுத்த முகத்தில் நார் வழியே ஓடுற கறுநீலக் கறை. கறை கண்டால் இரும்பு எண்டு நினைச்சே வேலை செய்யுங்கோ. வட்டத்துக்கு வெளியால் அறுத்து அந்தத் துண்டை ஒதுக்குறது, உளியால் கிண்டி எடுக்கிறதைவிட லாபம். மர ஆலைக்காரர் சிலர் வடக்கு மரத்தை எடுக்கப் பயப்படுறதுக்கும் இதுதான் காரணம்.

மல்லாவி

மூலைமட்டத்தைக் கடையிலேயே சோதியுங்கோ. நேர் விளிம்புள்ள பலகையில் ஒரு கோடு, மட்டத்தைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் விலகினால் விலகின அளவில் பாதிதான் மட்டத்தின் பிழை.

ஆணியிலும் கவனம். 8ஆம் இலக்கத் திருகாணி முதிரைக்குள் சும்மா போகாது, தலை முறியும். கீழ்த் துண்டுக்கு 3 மில்லிமீற்றர் துளை, மேல் துண்டுக்கு நாலரை. மெழுகுதிரியில் ஆணியை உரசிப்போட்டு முறுக்குங்கோ, சவர்க்காரம் வேண்டாம், ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். பித்தளை ஆணி எண்டால் அதே அளவு இரும்பாணியை முதலில் முறுக்கிக் கழட்டிப்போட்டு அந்த வழியில் போடுங்கோ.

ஒட்டுசுட்டான்

மாரிக்கு முதல் எல்லாத்துக்கும் தையல் மெசின் எண்ணெய் துணியால் பூசுங்கோ. உளியைச் சாக்குக்குள் சுத்தி வைக்கவேண்டாம், சாக்கு ஈரம் பிடிக்கும்.