ஓடும்போது வராது, நின்றபிறகுதான் வரும்

எனக்கு ஊர் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம். பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் 'கொழுந்து லொறி'. ஏற்றத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி முனகுவது போல என் நெஞ்சு முனகும். அது ஆஸ்துமா என்று பின்னால்தான் தெரிந்தது. ஆனால் அந்தச் சத்தம் ஓடும்போது வராது. அதுதான் வினையே.

இல்ல விளையாட்டுப் போட்டியில் 1500 மீட்டர் ஓடினேன். ஓடி முடித்து, தண்ணீர் குடித்து, கூட்டாளிகளோடு சிரித்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல இருந்தது. இருமல், அப்புறம் இழுப்பு. சேர் வந்து பார்த்துவிட்டு, "ஓடும்போது நல்லாத்தானே ஓடினாய்? இப்ப என்ன நடிப்பு?" என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை. தோட்டத்து லயத்தில் இருந்த வீட்டுக்கு வந்தால் அப்பாயி கம்பளியைப் போர்த்தி அடுப்படியில் உட்கார வைப்பார். ஈர விறகுப் புகை. பாசத்தில் செய்ததுதான், ஆனால் அதில் இழுப்பு இன்னும் கூடியது.

பத்தொன்பது வயதில்தான் நுவரெலியாவில் ஒரு டொக்டர் என்னைச் சரியாக விசாரித்தார். மூச்சு வெளியேறும் வேகத்தை அளக்கும் ஒரு குழாயைக் கொடுத்து முழு மூச்சில் ஊதச் சொன்னார், 420 காட்டியது. பிறகு ஆறு நிமிடம் மாடிப்படியில் ஏறி இறங்கி ஓட வைத்தார். ஓடி வந்த உடனே ஊதினேன், அதே 420தான். "இருங்க தம்பி, அவசரம் இல்லை" என்று பக்கத்தில் உட்கார வைத்தார். பத்து நிமிடம் கழித்து 310. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருடம் நான் நடிக்கவில்லை என்பதற்கு ஒரு சாட்சி.

அவர் விளக்கியது இதுதான். சும்மா இருக்கும்போது மூக்கு காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி உள்ளே அனுப்புகிறது. வேகமாக ஓடினால் வாயால் மூச்சு வாங்குகிறோம். குளிர்ந்த, காய்ந்த காற்று நேரே உள்ளே போகிறது. மூச்சுக்குழாயின் உட்சுவர் ஈரம் இழந்து, அதைச் சுற்றியுள்ள தசை சுருங்கிவிடுகிறது. பெரும்பாலும் ஓட்டம் நின்று ஐந்து முதல் இருபது நிமிடத்துக்குள் இது உச்சத்துக்கு வரும். நுவரெலியாவில் ஜனவரி மாதத்து விடியலை நினைத்துப் பாருங்கள். புல்லில் பனி உறைந்து கிடக்கும். நாங்கள் மரதன் பயிற்சிக்குப் போனது அந்த நேரத்தில்தான்!

நீலப் பம்பை, அதாவது மூச்சுக்குழாயைச் சட்டென்று விரிக்கும் இன்ஹேலரை, ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் இரண்டு தரம் அடிக்கச் சொன்னார். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவான ஓட்டம், நடுவே சின்னச் சின்ன வேக ஓட்டம். அப்படி உடம்பைச் சூடாக்கினால் சிலருக்கு அடுத்த ஓரிரு மணி நேரம் இழுப்பு குறைவாகவே வருமாம். எனக்கு வேலை செய்கிறது. என் தம்பிக்குச் செய்யவில்லை. குளிரில் வாயையும் மூக்கையும் மப்ளரால் மூடிக்கொள்கிறேன். கரப்பந்து ஆடும்போது பெரிதாகப் பிரச்சினை வருவதில்லை, ஓய்ந்து ஓய்ந்துதானே ஓடுகிறோம். தொடர்ந்து ஓடுவதுதான் எதிரி.

நான் செய்த தப்பு, நீலப் பம்பை மட்டும் நம்பியது. தினமும் அதையே அடித்தால் பாதுகாப்பு குறைந்துகொண்டே வரும். மூச்சுக்குழாயின் உள்வீக்கத்தைக் குறைத்து இழுப்பு வராமல் தடுக்கும் பழுப்புப் பம்பைத் தினமும் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். 'பழகிவிடும்' என்று வீட்டில் பயமுறுத்தியதால் விட்டுவிட்டேன். பிறகு கிளினிக் கொப்பியைப் புரட்டிய டொக்டர் விட்ட ஏச்சுக்குத்தான் திருந்தினேன். பலன் தெரிய சில வாரம் ஆனது. அடித்ததும் வாயைக் கொப்பளித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும்.

பிறகு சிவனொளிபாதமலை யாத்திரை. நல்லதண்ணிப் பக்கத்தால் ஐயாயிரத்துக்கு மேல் படி, உச்சி 2243 மீட்டர். இரவு ஏறினோம். பம்ப் பையின் வெளிப்பக்கத்தில் இருந்தது. கடைசிச் செங்குத்து ஏற்றத்துக்குக் கீழே நெஞ்சு இறுகி, எடுத்து அமத்தினால் ஒழுங்காகப் பீச்சவில்லை. குளிரில் விறைத்திருந்தது. மச்சான் அதை வாங்கித் தன் அக்குளில் வைத்துச் சூடாக்கினார். நான் படியில் குனிந்து உட்கார்ந்து, பிளேன்டிக் கடை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். படுக்கச் சொன்னவர்களின் பேச்சைக் கேட்கவில்லை, படுத்தால் இன்னும் கஷ்டம். அன்றிலிருந்து பம்ப் சட்டைக்குள், உடம்போடு ஒட்டித்தான் இருக்கும். அடித்தும் பத்து நிமிடத்தில் தணியாவிட்டால் வீரம் காட்டாதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். மலைப்படிக்கு வராது என்பது வேறு விஷயம்.

இப்போது என் மகளுக்கும் இது இருக்கிறது. அவளுடைய பம்பைப் பள்ளி அலுவலக அலுமாரியில் பூட்டி வைக்கிறோம் என்றார்கள். சாவி யாரிடம் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பம்ப் இப்போது அவள் பாவாடைப் பையில்.

போன போட்டியில் 800 மீட்டர் ஓடினாள். எல்லாரும் கைதட்டும்போது நான் கோட்டுக்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து, பத்து, பதினைந்து. அவள் ஐஸ்பழம் கேட்டாள். மூன்றாவதாக வந்தாள் என்று மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.